முந்திரியின் தப்பு விடைகள்

“முந்திரி... இன்னிக்கு நீ... வாயே... திறக்கக் கூடாது.”

டிரைவர் சொல்லி முடிக்கும்வரை சலூனில் இருந்த மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“நான் என்னண்ணே பண்ணினேன்?” என்றான் முந்திரி.

எலக்ட்ரீஷியனான அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. புதிரைக் கேட்டு முடிப்பதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொல்லிவிடுவான். அதுவாவது சரியாக இருக்குமா? சத்தியமாக இருக்காது.

சலூனுக்கு வார விடுமுறை என்றால் சாயங்காலம் அங்கே புதிர்ப் போட்டி. சலூன்காரர், பக்கத்து மருந்துக்கடைக்காரர், முந்திரி, பஸ் ஓட்டி ஓய்ந்த டிரைவர். சரியான பதிலை முதலில் சொல்பவருக்குச் சுழல் நாற்காலி, மற்றவர்களுக்கு மர பெஞ்சு. நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் அடுத்த புதிர் போட வேண்டும். ஒருத்தர் பதில் சொல்லும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக்கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

போன வருஷம் டிரைவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது. நாக்கு மட்டும் சண்டி மாடு மாதிரி நடுவழியில் நின்றுவிடும். திரும்பி வந்த முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

“எனக்கு... சலுகை காட்டினா... அன்னியோட... வர மாட்டேன்.”

யாரும் காட்டவில்லை. ஆனாலும் வாராவாரம் நாற்காலி அவருக்கே கிடைத்தது. அந்தப் பெருமையில்தான் மனுஷர் மிச்ச நாட்களை ஓட்டினார். உடம்பு போனால் என்ன, மூளை போகவில்லையே!

இந்த முந்திரிதான் இடைஞ்சல். போன வாரம், “ஒரு வீட்ல நாலு பொண்ணுங்க. ஒவ்வொருத்திக்கும் ஒரு தம்பி. மொத்தம் எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டதும், “எட்டு!” என்று குதித்தான். அதோடு விட்டானா? எட்டுப் பேரையும் ஒரே காரில் எப்படி ஏற்றுவது என்று முன் சீட்டு, பின் சீட்டு, மடி எனப் பங்கு பிரித்தான். ஒரு வழியாக அவன் ஓய்ந்த பிறகுதான் டிரைவர் “அஞ்சு” என்று சொல்ல முடிந்தது. அவன் போட்ட கூச்சலில் அந்த அஞ்சே மறந்திருக்கும்.

“சரிண்ணே. இன்னிக்கு வாய்க்குப் பூட்டு.”

முந்திரி பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். சலூன்காரர் ஆரம்பித்தார்.

“ஒன்வே தெரு. ஒரு டிரைவர் எதிர்ப்பக்கமா வர்றார். போலீஸ்காரர் பார்த்துக்கிட்டே நிக்கிறார், பிடிக்கல. ஏன்?”

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்கை விட்ட பிறகு அவர் தினமும் செய்கிற காரியம்தானே! பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள்,

“நடந்து வர்றார்!” என்றார் மருந்துக்கடைக்காரர்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது.

மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “எட்டோட எட்டைக் கூட்டினா நாலு. எங்கே?” என்றார்.

இதுவும் தெரிந்ததுதான். டிரைவரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“கடிகாரத்துல!” சலூன்காரர் சுவரைக் காட்டினார்.

டிரைவருக்கு முகம் வாடிவிட்டது. பேச்சோடு புத்தியும் போகிறதோ? இனி எதற்கு இங்கே வந்துகொண்டு? மெதுவாகக் கைத்தடியை எடுத்தார்.

“கடைசி ஒண்ணுண்ணே, கேட்டுட்டுப் போங்க” என்றார் நாற்காலியில் ஏறிய சலூன்காரர். “சுவிட்சுக்கும் கட்டிலுக்கும் பத்தடி தூரம். ஒரு ஆள் லைட்டை அணைச்சான். ரூம் இருட்டாகிறதுக்கு முன்னாடியே கட்டில்ல படுத்துட்டான். எப்படி?”

மருந்துக்கடைக்காரர் விரலைத் தூக்கினார்.

“வயரிங் கோளாறு!” என்று கத்தினான் முந்திரி.

பூட்டு தெறித்துவிட்டது. எழுந்தே நின்றுவிட்டான். “சுவிட்சை அணைச்சாலும் பல்புக்கு கரண்ட் போய்க்கிட்டே இருக்கும். முதல்ல ஹோல்டரைக் கழட்டணும். அப்புறம்...”

“யோவ், நீ வயரிங் பண்ணின வீட்ல எவன்யா குடியிருக்கான்?” மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

டிரைவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார்.

முந்திரி சட்டென்று நிறுத்திவிட்டான்.

என்ன இது? டிரைவர் வாயை மூடினார்.

“...அப்புறம் பியூஸைப் பார்க்கணும்” என்று மறுபடி ஆரம்பித்தான் முந்திரி.

திறந்தார். நின்றது. மூடினார். முந்திரி மீட்டர் பெட்டிக்குப் போனான். பேச்சு எங்கெங்கோ அலைந்தாலும் அவன் கண் மட்டும் டிரைவரின் உதட்டை விட்டு நகரவில்லை.

இவன் உளறுகிற வரைக்கும் வேறு யாரும் பதில் சொல்ல முடியாதே! இத்தனை வாரமும் இப்படித்தானா? டிரைவருக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே நெஞ்சு நிறைந்துபோயிற்று. கெட்டிக்காரன் என்று பேர் வாங்க ஊரே முட்டி மோதுகிறது, இந்தப் பயல் முட்டாள் பட்டத்தை அல்லவா சுமந்துகொண்டு திரிகிறான்!

கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். மீட்டர் பெட்டி முடிந்து, முந்திரி தெருக்கோடிக் கம்பம் வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது நிதானமாக வாயைத் திறந்தார்.

“ப... பகல்.”

“அடடா, பகல்ல ரூம் எப்படி இருட்டாகும்!” சலூன்காரர் இறங்கி நாற்காலியைத் துடைத்துவிட்டார்.

“இவனை அடுத்த வாரம் வாசலோட நிறுத்திடணும்ணே. எப்பப் பாரு தப்பு, எப்பப் பாரு உளறல்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

டிரைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் தெரிந்த முந்திரியைப் பார்த்துச் சிரித்தார்.

“முந்திரி... அடுத்த வாரமும்... தப்பாவே... சொல்லணும்.”