குன்றுப் பாதையில் எரியாத விளக்குகள்

"ஆளே போகாத இடத்துக்கு எதுக்கு ஒரு கட்டடம், அதுக்கு ஒரு செயலாளர்?" என்றார் நகராட்சித் தலைவி.

எதிரே நின்றவர் இருட்டு மாமா. குன்றின்மேல் ஊர்க்காரர்களே சேர்ந்து கட்டிய தொலைநோக்கிக் கூடத்தின் செயலாளர். வெளிச்சம் கேட்டு நகராட்சிக்கு வந்தவர்கள் கோடிப் பேர். இருட்டு கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். தெருவிளக்கை எதிர்த்து அவர் கொடுத்த மனுக்களை அடுக்கினால், குன்று இன்னும் ஓர் ஆள் உயரம் கூடியிருக்கும்.

கடைசியில் சமரசமாகப் பாதை நெடுக ஒரு புது மாதிரி விளக்கை நட்டார்கள். மனித உடம்பின் சூடு பட்டால்தான் எரியும். ஆள் தாண்டியதும் அணைந்துவிடும். எரிந்த கணக்கு அலுவலகக் கணினிக்கு வந்து சேரும்.

"நட்ட நாள்லேருந்து ஒரு தடவைகூட எரியலை," தலைவி கணினியைத் திருப்பிக் காட்டினார். "ஒண்ணு, விளக்கு பழுது. அப்படின்னா அதைப் பிடுங்கிட்டு, விடிய விடிய எரியற பெரிய விளக்கா போட்டுடறோம். இல்லைன்னா, அங்கே ஒருத்தரும் வர்றதில்லை. அப்படின்னா கட்டடத்தைப் பூட்டிடறோம். உங்களுக்கு எது வசதி?"

"ரெண்டும் வசதியில்லைம்மா. தினம் சாயங்காலம் நிக்க இடமில்லாத கூட்டம். இன்ஜினியர் தம்பியை அனுப்புங்க, கண்ணால பார்க்கட்டும்."

"அனுப்பறேன். கையில பூட்டோட வருவார்."

மேற்கே கடைசிச் சிவப்பும் கரைந்த நேரத்தில் இன்ஜினியர் குன்றில் ஏறினார். முதல் கம்பத்தை நெருங்கியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. தாண்டியதும் அணைந்தது. அடுத்ததும் அப்படியே. ஒன்றுகூடப் பழுதில்லை. முன்னால் இருட்டு, பின்னால் இருட்டு, நடுவில் ஒரு வட்டம் வெளிச்சம், அதற்குள் அவர் மட்டும். பாதையில் ஈ காக்கைகூட இல்லை.

'கூட்டமாம் கூட்டம். மாமா நல்லாத்தான் கதை விடறார்' என்று சிரித்தபடி பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

உள்ளே, தன் மூக்கைத் தானே தேட வேண்டிய இருட்டு. மழையே பெய்யாத நாளில் எங்கிருந்தோ ஈர வாடை அடித்தது.

"செல்போனை எடுக்காதீங்க தம்பி," காதுக்கு அருகில் இருட்டு மாமாவின் குரல். "வெளிச்சம் பட்டா, இருட்டுக்குப் பழகின கண்ணெல்லாம் கெட்டுடும். அப்புறம் ஒரு நட்சத்திரமும் தெரியாது."

"கண்ணெல்லாமா? வேற யாரு இருக்கா இங்கே?"

பதிலுக்கு மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒருவர் மூச்சல்ல, ஒரு தெருவே மூச்சு விட்டதுபோல் இருந்தது. யாரோ இருமினார்கள். "அப்பா, நம்ம முறை எப்ப வரும்?" என்று ஒரு குழந்தை சிணுங்கியது.

இன்ஜினியர் கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினார். "நீங்கள்லாம்... எந்த வழியா வந்தீங்க?"

"வேற ஏது வழி? நீங்க வந்த பாதைதான்," என்றது ஒரு பெண் குரல்.

"விளக்கு எரியலையே."

"எங்களுக்கு எரியாது சார்," என்றது இன்னொரு குரல், இந்த பஸ் இங்கே நிற்காது என்று சொல்வதுபோல.

"அது உடம்புச் சூட்டுக்கு எரியற விளக்கு. மனுஷனா இருந்தா..."

"சூடுதானே? அதுதான் எங்ககிட்ட இல்லையே."

இருட்டின் நாலு மூலையிலும் களுக்கென்று சிரிப்பு.

"புதுசா வந்தவரைக் கலாய்க்காதீங்கடா," என்று அதட்டினாள் அந்தப் பெண். "தம்பி, பயப்படாம வரிசையில வாங்க. பழகிட்டா நாளைக்கே நீங்களும் எங்களை மாதிரி ஆயிடலாம்."

ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. கிணற்றடியில் கிடந்த கல்லைப்போல அது சில்லிட்டு, ஈரமாக இருந்தது.

பூட்டு தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. அவர் கால் தரையில் பட்ட சத்தம் கேட்கவே இல்லை. குன்றிலிருந்து அவர் இறங்கிய வேகத்தில், ஒரு விளக்கு விழித்து எரிவதற்குள் அடுத்ததைத் தாண்டியிருந்தார்.

மறுநாள் காலையில் தலைவி கேட்டார். "ஆள் இருக்காங்களா, இல்லையா?"

"கூட்டம் இருக்கு மேடம். ஆளுன்னு சொல்ல முடியாது."

நடந்ததை ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார். பாதிக் கதையிலேயே தலைவி எழுந்துபோய், குன்றைப் பார்த்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"பூட்டு எங்கே?"

"அவங்ககிட்ட இருக்கு."

"அவங்களே வச்சுக்கட்டும். பூட்டவும் வேணாம், பெரிய விளக்கும் வேணாம். இருக்கற கம்பத்தை உச்சி வெயில்லயே போய்ப் பிடுங்கிட்டு வந்துடுங்க. அவங்களுக்கு எதுக்குங்க வெளிச்சம்?"

அன்று சாயங்காலம், மொட்டையாக நின்ற பாதைக்கு மேலே, கூடத்தின் இருட்டுக்குள் இருட்டு மாமா தொண்டையைச் செருமினார்.

"ஜெயிச்சாச்சு. இனிமே யாரும் போர்வையைத் தண்ணியில முக்கி, தலையோட காலா போர்த்திக்கிட்டு ஏறி வர வேண்டாம். விளக்கை ஏமாத்தப் போய் பாதிப் பேருக்குச் சளி பிடிச்சிருக்கு."

கைதட்டலும் தும்மலும் அடங்கியபின், வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது:

"போர்வையா? நான் எப்பவும் சும்மாதானே வர்றேன்?"