கேமராவில் மிச்சமிருந்த ஒரு படம்

மார்லிஸின் கணவர் ஆர்னே இறந்தபோது அவருடைய பழைய கேமராவில் ஒரே ஒரு படத்துக்கு ஃபிலிம் மிச்சமிருந்தது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கும் கேமரா அது. குளிர்காலம் முடிந்து, உறைந்து கிடந்த சுப்பீரியர் ஏரியில் பனி உடைந்த அன்று, ஜன்னலோரம் கிடந்த அவருடைய காலி நாற்காலியைப் படமெடுத்து மார்லிஸ் ரோலை முடித்தாள்.

மகள் பிரிட்டா சமையலறைத் தொட்டியிலேயே ஃபிலிமைக் கழுவி, உலர்த்தி, ஸ்கேனரில் வைத்தாள். கறுப்பு வெள்ளையில், ஏரியில் போகும் சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. எல்லாமே இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"அப்பா எடுத்தா ஏரியே ஒரு பக்கமா கொட்டிடும் போல," என்று பிரிட்டா சிரித்தாள். "உன்னை ஒண்ணுகூட எடுக்கலையேம்மா?"

"நான் எங்கடி விட்டேன்? கேமராவைத் தூக்கினாலே ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்குவேன். 'ஒரே ஒரு தடவை, மார்லிஸ்'னு கடைசிவரைக்கும் கெஞ்சினார்."

கடைசிப் படம் வந்ததும் பிரிட்டாவின் சிரிப்பு நின்றது.

அதில் நாற்காலி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் பார்க்கும் உயரத்திலிருந்து, சற்றே இடப்பக்கம் சாய்ந்தாற்போல், மார்லிஸ் நின்றிருந்தாள். குனிந்த முகம் அழுது வீங்கியிருந்தது. இரண்டு கைகளும் கேமராவைப் பிடித்திருந்ததால் அவள் முகத்தைப் பொத்தியிருக்கவில்லை.