அலமாரிக்கு அடியில்

"அந்த அலமாரிக்கு அடியில யாரு துடைப்பா?"

நாற்காலியில் இருந்தவள் இப்படிக் கேட்டதும், தரையில் முட்டி போட்டிருந்தவள் துணியை வாளியில் நனைத்தாள். "இதோக்கா" என்று ஈரத்துணியோடு தவழ்ந்து போனாள். அலமாரியின் நொண்டிக்கால் பக்கம் ஒரு கையை முட்டுக் கொடுத்து, சத்தம் வராமல் நகர்த்தினாள்.

அடியில் பந்து பந்தாகத் தூசி. கூடவே ஒரு பல் போன சீப்பு, ஜோடி இல்லாத காலுறை. துடைப்பவளுக்குக் காதுமடல் சூடாகியது.

நாற்காலிக்காரிக்கு அந்த வட்டாரத்தில் பெயரே பூதக்கண்ணாடி. வீட்டுத் துப்புரவுத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அவளைத் தெரியும். குறை கண்டுபிடிப்பதில் சூரப்புலி. பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வாள். ஆனால் அவள் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால், அவளை நம்பி இன்னும் நாலைந்து பேர் தானாக வந்து சேருவார்கள்.

துடைப்பவளுக்கு அந்த நாலைந்து பேர் வேண்டும். உயிர் போகிற அவசரத்தில் வேண்டும். ஒரு வாளி, ஒரு துணி என்று ஆரம்பித்த தொழில் அவளுடையது. நல்ல பெயர் வந்ததும் ஆசை யாரை விட்டது? கேட்ட வீட்டுக்கெல்லாம் தலையை ஆட்டி, அகலக்கால் வைத்துவிட்டாள். வேலை படுத்துக்கொண்டது, வாக்குவாதம் எழுந்துகொண்டது, ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். இவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. கணவன் அனுப்பியிருந்தான்: 'சரின்னுட்டாங்களா? ஒத்த ஆளா வீடு வீடாத் துடைச்சு எனக்கு இடுப்பே போச்சு.' அவள் அதை மறுபடி இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

"ஏம்மா, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு?"

"அஞ்சுக்கா."

"அஞ்சாவது வீட்டுக்குள்ள நுழையறப்பவே கை ஓய்ஞ்சு போயிருக்கும். அப்புறம் ஒப்பேத்தத்தானே தோணும்?"

சுருக்கென்று தைத்தது. அத்தனையும் உண்மை என்பதால் கூடுதலாகவே தைத்தது. "மூணாக் கொறைச்சுடறேன்க்கா. இப்போதைக்குப் புது வீடு எதையும் ஒத்துக்கறதா இல்ல. இருக்கற வீட்டை ஒழுங்காச் செஞ்சாப் போதும்."

"வாய்ல சொல்றதுக்கு என்ன? எல்லாரும்தான் சொல்றாங்க."

"சத்தியமாக்கா."

"ஒடம்பு முடியாம ஒரு நாள் ஆள் வரலேன்னா?"

"அன்னிக்கு நானே நின்னு முடிச்சுடுவேன்க்கா. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டேன்."

"ஏதாவது சாமான் ஒடைஞ்சா யார் தலையில விழும்?"

"என் தலையிலதான்க்கா. வேற யாரையும் கைகாட்ட மாட்டேன்."

பூதக்கண்ணாடி தன் கையை விரித்துப் பார்த்தாள். ஓரமெல்லாம் வெடித்துப் போயிருந்த தன் சுட்டுவிரலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த நெடியடிக்கிற ஆசிட்டு?"

"அதைத் தூக்கிக் கடாசியாச்சுக்கா. இனிமே கையால தொட மாட்டோம். கறை போக ரெண்டு தடவ கூடத் தேய்ச்சாலும் பரவாயில்ல."

"ம்."

அந்த ஒற்றை 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்? துடைப்பவள் மறுபடி குனிந்து அலமாரி இருந்த இடத்தைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே திரும்பவும் தேய்த்தாள். கண்ணிலிருந்து சொட்டியதையும் தரையோடு சேர்த்துத் துடைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அழுவறியா?"

"இல்லக்கா, தூசி."

"நல்ல தூசிதான்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. துணியைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள். "அக்கா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் மறுபடியும் ஒத்த வாளியைத் தூக்கிக்கிட்டுப் போறேன். ஆனா இந்த ஒரு தடவை என்னை நம்பிப் பாருங்களேன். நான் கெட்டவ இல்லக்கா. பேராசைப்பட்டுட்டேன், அவ்வளவுதான்."

பூதக்கண்ணாடி எழுந்தாள். கூடத்தின் நான்கு மூலைகளையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவளும் முட்டி போட்டு, அலமாரி இருந்த இடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இதுவரைக்கும் மூணு பேரைப் பாத்துட்டேன்" என்றாள் பூதக்கண்ணாடி. "செஞ்சு காட்டுன்னு சொன்னா மூணு பேருக்கும் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. வாய்தான் வேலை செஞ்சுது. மறு பேச்சுப் பேசாம முட்டி போட்டது நீ ஒருத்திதான்."

துடைப்பவளுக்கு எதுவும் புரியவில்லை. அது சரி என்பதா, இல்லை என்பதா? ஈரத்துணியிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

பூதக்கண்ணாடி அந்தத் துணியை அவள் கையிலிருந்து வாங்கினாள். வாளிக்கு மேலே நீட்டி, ஒரே முறுக்கில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, உதறி, வாளி விளிம்பில் போட்டாள். அப்புறம் அவளுடைய தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்க முதலாளியம்மா, உங்க வீடு பளிச்சுன்னு ஆயிடுச்சு. நாளைக்கு நான் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போகணும்?"