நான்காம் மாடிக்குப் போன பில்

காவலாளியின் கண் எந்த வீட்டின் மேல் எத்தனை நிமிடம் நின்றது என்று அவர் தொப்பியே கணக்கெடுத்துவிடும். அதன்படி வீடு வீடாக பில் போகும். செக்யூரிட்டி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து முதல் பில் போட்ட மங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்ற வீடுகளுக்கெல்லாம் தலா ஒரு மணி நேரம்; நான்காம் மாடியில் தனியாக வசிக்கும் கணக்கு டீச்சர் எஸ்தருக்கு மட்டும் பதினோரு மணி நேரம்!

காவலாளி தணிகைவேல் ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. புகார் வந்தால் மனுஷருக்கு வேலை போய்விடுமே என்று பதறி, மங்கையே முந்திக்கொண்டு போன் செய்தாள்.

“மேடம், உங்க பில்லுல ஏதோ தப்பு. பதினோரு மணி நேரம்னு வந்திருக்கு.”

“தப்புதாம்மா,” என்றார் எஸ்தர் கறாராக. “மாசா மாசம் பதினாலு வருமே. எப்படிக் குறைஞ்சுது?”

மங்கை தடுமாறினாள். “அவருக்கு நாலு நாளா காய்ச்சல் மேடம். லீவுல இருக்கார்.”

எஸ்தரின் குரலில் இருந்த கறார் காணாமல் போனது.

“கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் இருக்கா? வீடு எங்கன்னு சொல்றியாம்மா?”

ஊழியர் விலாசத்தை வாடிக்கையாளருக்குச் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. மங்கை சொல்லவில்லை. பில்லில் ‘பணம் செலுத்த வேண்டிய முகவரி’ என்ற இடத்தில் தணிகைவேலின் வீட்டு விலாசத்தை அடித்து அனுப்பிவைத்தாள்.