கவுன்சிலர் மாலை

"கவுன்சிலர் மாலை போடணும், வழி விடுங்கப்பா!"

அவர் கால் முன்னால் போய்விட்டது.

மூன்று அடி வைத்த பிறகுதான் நினைவு வந்தது, தாம் இப்போது கவுன்சிலர் இல்லை என்பது.

பதினைந்து வருஷப் பழக்கம். ஏழாவது வார்டில் யார் செத்தாலும் இப்படி ஒரு குரல் எழும். கூட்டம் விலகும். அவர் போவார். பூக்கடைக்காரர், மாலை சொந்தக் கடையில் கட்டியது. அதைச் சாத்திவிட்டு, இரண்டு நிமிஷம் கைகட்டி நின்றுவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

தேர்தலில் தோற்று நாலு மாதம் ஆகிறது.

கூட்டம் இப்போதும் விலகித்தான் இருந்தது. அவருக்காக இல்லை. பின்னால் புதுக் கவுன்சிலர் ஜெயசுதா நின்றுகொண்டிருந்தாள், கையில் பெரிய ரோஜா மாலையோடு.

அதுவும் அவர் கட்டியதுதான். காலையில் அவள் புருஷன் கடைக்கு வந்தான்.

"துட்டி வீட்டுக்குப் போகணும். பெருசா ஒண்ணு கட்டுங்க."

"யாரு தவறினது?"

"உங்களுக்குத் தெரியாதா? நம்ம சின்னமாயன்தான்."

விரலில் சுற்றிய நார் அப்படியே நின்றது.

சின்னமாயன். மூன்று தேர்தலிலும் அவருக்காகப் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராய் அலைந்தவர். முதல் முதலாக அவரை இதில் இழுத்துவிட்டதும் அந்த ஆள்தான். "கல்யாணத்துக்கும் எழவுக்கும் எல்லா வீட்டுக்கும் பூ குடுக்குறவன் நீ. ஒன்னய விட இந்த வார்டு எவனுக்குடா தெரியும்? நில்லுடா" என்று.

நாலாவது தேர்தலில் பூத்தில் அவருக்காக உட்கார வேண்டிய சின்னமாயன் வரவில்லை.

தோற்றது பத்தொன்பது ஓட்டில்.

"உங்க ஆளு அந்தப் பக்கம் சாஞ்சிட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். நம்பினார். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டார். ஒரு நாள் சின்னமாயன் கடை வாசலில் வந்து நின்றபோதும், குனிந்த தலை நிமிராமல் பூக் கட்டிக்கொண்டே இருந்தார். நிழல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

இன்று ஒருவரும் அவருக்குப் போன் செய்யவில்லை.

"பாவம், மனுசனுக்குப் பழக்கம் விடல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு ஆள் இருமுவதுபோல் சிரித்தான்.

ஜெயசுதா இரண்டு அடி பின்வாங்கினாள்.

"நீங்க போடுங்க பெரியப்பா. நான் அப்புறம் போடுறேன்."

அந்தச் சிரிப்பையாவது தாங்கிக்கொண்டிருக்கலாம்.

திரும்பிப் போகவும் வழியில்லை. போனார். கையில் இருந்தது ஒற்றைச் சரம் சம்பங்கி. குனிந்து நெஞ்சில் வைத்தார். சின்னமாயன் பாதியாக இளைத்திருந்தார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சின்னமாயனின் மனைவி பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"ஓட்டன்னைக்கு நெஞ்சுவலின்னு ஆசுபத்திரியில கெடந்தாகண்ணே. 'அவன்கிட்டச் சொல்லாத, பூத்தை விட்டுட்டு ஓடியாந்துருவான்'னு என் வாயை அடைச்சாக. பெறகு அவுகளே சொல்லணும்னுதான் கடைக்கு வந்தாக."

மூக்கைச் சிந்தினாள்.

"யாவாரம் மும்முரம் போல, அவன் பாக்கலைன்னாக."

அவர் நின்றார்.

இரண்டு நிமிஷம் ஆனது. அதற்கு மேலும் ஆனது.

ஜெயசுதா வந்தாள். மாலையைப் போட்டாள். கைகட்டி நின்றாள். வெளியே புருஷன் வண்டியை எடுத்தான், போய்விட்டாள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள். கொட்டு ஓங்கியது. பாடையைத் தூக்கினார்கள்.

தெருமுனை வந்தது. இத்தனை வருஷத்தில் எந்தச் சாவுக்கும் அவர் இதைத் தாண்டிப் போனதில்லை.

தாண்டினார்.

சுடுகாட்டுக்குத் தார்ச்சாலை வேண்டும் என்று பேரூராட்சிக் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு வாங்கியவர் அவர். நானூற்றிருபது மீட்டர். தீர்மான எண்கூட இன்னும் மனப்பாடம்.

காலில் செருப்பில்லை. துட்டி வீட்டு வாசலிலேயே கிடந்தது. தார் சுட்டது. அங்கங்கே ஜல்லி பெயர்ந்து கிடந்தது. அது அவருக்கு இதுவரை தெரியாது.

எல்லோரும் முன்னால் போனார்கள். அவர் கடைசி ஆள். பக்கத்தில் பேச்சுக்கு ஒருவரும் இல்லை.

"தோள் மாத்தணும்னா சொல்லுங்கப்பா" என்றார்.

கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவர் இன்னும் கொஞ்சம் எட்டி நடந்தார்.