மாடிப்படிக்கு அடியில்

முதல் பொறி படியில் விழுந்து, துள்ளி, அணைந்தது.

அடுத்தது இன்னும் கொஞ்சம் கீழே வந்து அணைந்தது.

வெல்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, கம்பியைத் தட்டிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி இறக்கிக்கொண்டார். மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறது என்று வீட்டுக்காரம்மா வரவழைத்த ஆள். அந்த அம்மாவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார், தான் பார்க்காவிட்டால் இரும்பு ஒட்டாது என்பதுபோல.

கீழ்வீட்டில் குடியிருப்பவள் ஒவ்வொரு பொறியும் எங்கே விழுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அவளுடைய கனம் மடியில் இல்லை. அதே மாடிப்படிக்கு அடியில், பலகைக் கதவு போட்ட பொந்து மாதிரியான அறைக்குள் இருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே எலி தாராளமாகப் போய்வரும் இடைவெளி. உள்ளே பெட்டி பெட்டியாகப் பட்டாசு.

எல்லாம் அவள் கணவனின் கைங்கரியம். எங்கேயோ மலிவாகப் பிடித்துவந்து, கூட வேலை பார்ப்பவர்களுக்கு விற்கிறானாம். உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது, குடியிருக்கிற கட்டடத்தில் வைக்கவே கூடாது என்று அவளும் தலைபாடாக அடித்துக்கொண்டாள். பக்கத்துத் தெருவில் ஒருவரை இதற்காகவே போலீஸ் ஜீப்பில் ஏற்றியதைச் சொன்னாள். "ரெண்டு வாரம்தானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்று பூட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் மகராசன். இப்போது போன் அடித்தால் எடுக்கவில்லை.

வாயைத் திறந்து சொல்லிவிடலாம். சொன்னால் வீட்டுக்காரம்மா இன்றைக்கே பெட்டி படுக்கையைத் தெருவில் வைப்பார். அதோடு விடுவாரா? போலீசுக்கும் போவார். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அவள் கத்தவும் முடியாமல் நின்றாள்.

"குழந்தை இப்பதாங்க தூங்குச்சு. சாயங்காலமா வெச்சுக்கலாமே?"

"அதான் கதவைச் சாத்திட்டு வந்துட்டியே, அப்புறம் என்ன?" என்றார் வீட்டுக்காரம்மா.

தலை வலிக்கிறது என்றாள். வெல்டிங் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். பயந்தவளுக்குப் பொருத்தம் எங்கிருந்து வரும்? கடைசியில் வெளிக்குழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். வெல்டர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "கரண்ட் ஓடுதும்மா! தண்ணியை அந்தப் பக்கம் வைங்க!"

அந்தப் பக்கம் வைத்தாள். வைத்த அவசரத்தில் பாதி அவள் காலிலேயே கொட்டியது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடலாமா என்றும் தோன்றியது. மேல்வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த வெல்டருக்கும் வீட்டில் யாரோ காத்திருப்பார்கள். அவர்கள் எல்லாம் என்ன பாவம் செய்தார்கள்?

அப்போது ஒரு பொறி, மற்றவற்றைவிடப் பெரியது, படிகளைத் தாண்டி நேராகத் தரையில் விழுந்தது. அணையவில்லை. உருண்டது. பலகைக் கதவை நோக்கியே உருண்டு, இடைவெளிக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்று சிவப்பாக விழித்தது.

"நிறுத்துங்க! உள்ள பட்டாசு இருக்கு!"

அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

வெல்டர் இயந்திரத்தை அணைத்து, மீதித் தண்ணீரை வாங்கிக் கதவடியில் வீசினார். பொறி 'சுர்' என்று கறுத்தது. வீட்டுக்காரம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அது இன்னும் ஆடியது. "என் வீட்லயா? என் வீட்லயாடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சாவி இல்லை. வெல்டர் சுத்தியலால் பூட்டைத் தட்டி உடைத்தார்.

உள்ளே ஒரு கால் ஒடிந்த நாற்காலி. காய்ந்துபோன பெயிண்ட் டப்பா. ஒரு துடைப்பம்.

வேறொன்றும் இல்லை.

மூவரும் அந்தத் துடைப்பத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் வெல்டர். "இந்தத் தொடப்பத்துக்கா இப்படிக் கத்துனீங்க?" வீட்டுக்காரம்மாவும் நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார். அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். போன உயிர் திரும்பி வந்திருந்தது. ராசா, எல்லாத்தையும் வித்துட்டியா, நல்லா இருப்பே என்று மனதுக்குள் கணவனை வாழ்த்தக்கூடச் செய்தாள்.

போன் அடித்தது. அவன்தான்.

"என்ன, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? வெல்டிங் பயமா?" குரலில் பெருமை வழிந்தது. "நேத்தே வீட்டுக்காரம்மா சொன்னாங்க, படிக்கட்டுல வேலை நடக்கும்னு. காலையில நீ குளிக்கப் போனப்பவே எல்லாத்தையும் மாத்திட்டேன். சொன்னா பயப்படுவேன்னுதான் சொல்லல. நம்ம கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு."

அந்தக் கட்டிலில்தான் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பகலிலும் கொசு பிடுங்குகிறதே என்று கொசுவத்தியைக் கொளுத்தி, குனியச் சோம்பல்பட்டு, தொங்குகிற போர்வைக்கு உள்ளே காலாலேயே தள்ளிவிட்டுத்தான் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்திருந்தாள்.