மருந்தடிக்காத வீடு

சமையலறை டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. முன்பெல்லாம் வீட்டுக்காரி கனகவல்லி மூலை முடுக்கெல்லாம் பூச்சி மருந்து அடிப்பாள். பல்லியின் அக்காள் அதில்தான் செத்தாள். பிறகு கனகவல்லிக்கு இழுப்பு நோய் வந்தது. மருந்து நெடி பட்டாலே மூச்சு முட்டியது. புட்டி குப்பைக்குப் போனது.

"மகராசி! இந்த இழுப்பு அவளுக்குத் தீரவே கூடாது" என்றபடி அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான் வந்தது. "என்ன, எண்ணெய்ப் பலகாரத்தையும் சேர்த்து நிறுத்திட்டா. மிளகுக் கஞ்சியை நக்கி நக்கி நாக்கே செத்துப்போச்சு. ஆனாலும் பக்கத்து வீட்டுச் சனம் பூராவையும் இங்கே குடிவரச் சொல்லப் போறேன்."

பல்லிக்குப் பகீரென்றது. கரப்பான் பெருகினால் அவள் மறுபடியும் மருந்து வாங்குவாள். முதலில் அவள் மூச்சு போகும், அடுத்து தன் உயிர்.

"அவளுக்கு நாம நன்றியா இருக்க வேணாமா?"

"இருக்கலாம். அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்று மீசையை ஆட்டியது கரப்பான்.

கொசுவைத் தவிர வேறெதையும் தின்றறியாத பல்லி, கண்ணை மூடிக்கொண்டு கரப்பானைக் கவ்வியது.

அந்நேரம் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்த கனகவல்லி, பின்னாலேயே நுழைந்த கணவனிடம், "இன்னிக்கு மூச்சு லேசா இருக்குங்க. இனி அந்த மருந்தே நம்ம வீட்டுக்கு வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு, பல்லி ஆமோதிக்கிறதா என்று சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

பல்லிக்கு வாய் நிறைந்திருந்தது. அவசர அவசரமாகக் கடைசி மீசையையும் விழுங்கிவிட்டு, "இச், இச்" என்றது.